கேபின் ஜன்னல்: ‘ஆட்டோகிராப்’ பார்த்து அழுதவர்களும் திட்டியவர்களும்

மூன்று இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “31 வருஷம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தீர்களே, ஜனங்கள் அதிகமாக அழுத படம் எது?” ‘பாசமலர்’ என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் ஓட்டிய ‘பாசமலர்’ ஊர் ஊராகத் தேய்ந்து வந்த பிரிண்ட். அதில் அழுகையைவிடக் கோடுதான் அதிகம். அதனால் உள்ளதைச் சொன்னேன். ‘சேரனின் ஆட்டோகிராப்’ என்று ஒரே வரி.

வந்தது வினை. ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்து சேர்ந்தது. பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மீதிப் பேர், ‘அந்தப் படத்துக்கா அழுதீர்கள்?’ என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள். நான் ஓட்டினேன், அவ்வளவுதான், எடுத்தது நானில்லை. ஆனாலும் இந்த வாரம் முழுக்க அதற்கே.

பார்க்காதவர்களுக்காக: 2004-ல் வந்த படம். விளம்பரத் தொழிலில் இருக்கும் செந்தில், தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய ஆட்களைத் தேடிப் போகிறான். கிராமத்தில் பள்ளிக்கூடக் காதலி கமலா. கேரளாவில் கல்லூரிக் காலத்து லத்திகா. சென்னையில் தோழி திவ்யா. கடைசியில் வீட்டில் பார்த்த பெண் தேன்மொழியோடு கல்யாணம், எல்லோரும் வந்து வாழ்த்துகிறார்கள். செந்திலாக நடித்ததும் இயக்கியதும் தயாரித்ததும் சேரன்.

படம் ஓட்டும் கேபினிலிருந்து பார்த்தால் முதுகுதானே தெரியும்? அழுதார்கள் என்று எப்படி அண்ணாச்சி கண்டுபிடித்தீர்கள்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பைப்பை வைத்துத்தான்.

எங்கள் தியேட்டர் தென்காசிப் பக்கம். இப்போது அது கல்யாண மண்டபம். ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே வரிசையாக மூன்று பைப். சாதாரணமாக இடைவேளையில் அங்கே ஆள் நிற்காது. எல்லோரும் முறுக்குக் கடைக்கும் டீக்கடைக்கும் ஓடுவார்கள். ‘ஆட்டோகிராப்’ ஓடிய 42 நாளும் அந்தப் பைப்பில் வரிசை. முகம் கழுவுகிறார்களாம்! பங்குனி வெயிலுக்கு முகம் கழுவினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மாட்டினி முடிவதற்குள் தொட்டி காலி. மானேஜர் என்னிடம் வந்து, “மோட்டரை இன்னொரு தரம் போடணும்லா, கரண்ட் பில்லு யார் கட்டுவா?” என்று கத்தினார்.

பெண்கள் முகம் கழுவ வரவில்லை. அவர்கள் அழுதால் அழுதுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். முந்தானை இருக்கிறதே. ஆண்களை அழவைத்த படம் என்பதுதான் இதன் விசேஷம். அழுதவர்கள் என்றால் லேசான ஆட்கள் இல்லை. அரிசி மில் முதலாளி ஒருத்தர், கூலிக்காரன் கையைக் கதிரடிக்கும் இயந்திரத்தில் விட்டபோதுகூடக் கண் கலங்காத மனுஷன், தனியாக ஆறு தடவை வந்தார். ஆறு தடவையும் பள்ளிக்கூடப் பகுதி முடிந்ததும் எழுந்து போய்விட்டார். மீதிக் கதை அவருக்கு வேண்டியதே இல்லை.

‘செந்தில்’ என்பதற்குப் பதிலாக ஒரு ‘செல்வி’, தான் காதலித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை கொண்டு போயிருந்தால் உங்கள் ஊரில் இப்படி முகம் கழுவியிருப்பார்களா? ஓர் ஆண் தன் பழைய கதைகளை ரசித்து ரசித்துச் சொல்வதற்குப் பெயர் காவியமா?
– ஆசிரியை, கோவில்பட்டி

டீச்சர், முதல் கேள்விக்குப் பதில்: திரையில் செருப்பு விழுந்திருக்கும். நான் சாட்சி சொல்லத் தயார்.

இரண்டாவது கேள்வியை 2004-லேயே என் வீட்டில் கேட்டுவிட்டார்கள். படம் வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி தெருப் பெண்களோடு மாட்டினி வந்திருந்தாள். ராத்திரி இரண்டாம் ஆட்டம் முடித்து நான் வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்றரை. எழுந்து சோறு போட்டாள். “அழுதியா?” என்று கேட்டேன். “அழுதேன்லா” என்றாள். எனக்கு ஒரு பெருமை, நானே எடுத்த படம் மாதிரி. “எந்த இடத்துல?” என்றேன். லத்திகாவைச் செந்தில் விதவையாகப் பார்க்கிற இடம் என்று சொல்வாள் என நினைத்தேன். அங்கேதான் எல்லாப் பெண்களும் விசும்பினார்கள்.

“கடைசில, மேடைல அந்தப் பிள்ள தேன்மொழி சிரிச்சிட்டே நிக்கா பாருங்க, அங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அவளுக்கும் ஒரு நோட்டு இருந்திருக்கும்லா. அத யாரும் கேக்கலியே.”

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவளிடமும் ஓர் ஆட்டோகிராப் நோட்டு இருந்திருக்கிறது. 1980-ல் பத்தாம் வகுப்பு முடித்தபோது வாங்கியது. ரோஜாப்பூப் படம் போட்ட அட்டை, உள்ளே பக்கத்துக்கு ஒரு நிறம். கல்யாணம் நிச்சயமானதும் அவள் அம்மா அதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாராம். ‘புருஷன் வீட்டுக்கு எதுக்கு இது?’ அதில் காதல் கீதல் ஒன்றும் இல்லை. தோழிகளும் ஒரு கணக்கு டீச்சரும் எழுதியதுதான். என்னுடைய நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை எரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

படத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, டீச்சர். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் வாதம் இது: காதலித்த பெண்ணை விரட்டிப் பிடித்துத் தாலி கட்டுவதே வீரம் என்று படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், பிரிந்துபோனவளை வைது பாட்டுப் பாடாத ஒரு கதாநாயகன் வந்தான். கமலா மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், அவளைத் தூக்கில் தொங்கவிடவில்லை. திவ்யாவைத் தோழியாகவே கடைசிவரை வைத்திருக்கிறார்கள். சரிதான். ஆணும் பெண்ணும் ஒரு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கஷ்டத்தைப் பேசிக்கொண்டு இறங்கிப் போகலாம் என்று காட்டியது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூன்று பெண்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படத்துக்கு, நான்காவது பெண்ணிடம் வரும்போது களைப்பு வந்துவிட்டது. நான் அந்த ஒரு குறையைத்தான் சொல்வேன். நீங்கள் எல்லாவற்றையுமே குறை என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே தியேட்டரில் உட்கார்ந்திருந்தாலும் வேறு வேறு படம் பார்த்திருக்கிறோம்.

எனக்கு வயது 23. மறுவெளியீட்டில் அப்பாவோடு பார்த்தேன். அவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பல இடத்தில் சிரிப்பு வந்தது. ‘கிரிஞ்ச்’ என்று சொன்னேன், அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மேல் தப்பா?
– கல்லூரி மாணவர், மதுரை

சிரிப்பு வந்ததில் தப்பில்லை தம்பி. அதைப் படம் முடிந்த கையோடு பார்க்கிங்கில் வைத்துச் சொன்னதுதான் தப்பு.

2004-லும் உன் வயசுப் பையன்கள் சிரித்தார்கள். பாலிடெக்னிக் பையன்கள் ஒரு கூட்டம், “பெருசுங்க கதைடா” என்று இடைவேளையிலேயே கிளம்பிப் போனது. அதில் ஒருத்தனுக்கு இப்போது நாற்பது வயதாகிறது, மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். மறுவெளியீட்டு விளம்பரம் வந்ததும் எனக்குத்தான் முதலில் போன் போட்டான்.

ஒன்று யோசித்துப் பார். செந்தில் ரயிலேறி, பஸ் மாறி, ஊருக்குள் நடந்து போய் விசாரித்தால்தான் கமலா என்ன ஆனாள் என்றே தெரியும். உனக்கு உன் கமலா நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்பது வரைக்கும் தெரியும். காணாமல் போன ஆட்களே இல்லாதவனுக்கு, காணாமல் போனவர்களைத் தேடும் கதை சிரிப்பாகத்தான் இருக்கும். இதை அப்பாவிடம் போய் விளக்க வேண்டாம். அவருடைய பள்ளிக்கூடம் எந்த ஊர், இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேள். பேசிவிடுவார்.

பின்னணி இசையை ஏற்றி அழவைப்பது மோசடி இல்லையா? ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டினால் ஒரு சொட்டுக் கண்ணீர் வருமா?
– ஒரு வாசகர், சேலம்

வராது. ஓட்டிப் பார்த்திருக்கிறேன்!

வேண்டுமென்று இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். ஹவுஸ்ஃபுல். கேரளாப் பகுதியில் எக்ஸைட்டர் லாம்ப் போய்விட்டது. ஃபிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாக ஓடும். அந்தக் கோட்டின் மேல் வெளிச்சம் பாய்ச்சுகிற சின்ன பல்பு அது. பல்பு போனால் படம் ஓடும், சத்தம் வராது. மாற்று பல்பைத் தேடி எடுத்துப் போட எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. விசும்பிக்கொண்டிருந்த கூட்டம் பத்து விநாடியில் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று, என் அம்மா அப்பாவை எல்லாம் விசாரித்தது. பல்பைப் போட்டேன். சத்தம் வந்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

அதனால் பாட்டுப் போட்ட பரத்வாஜுக்கும் பின்னணி இசை அமைத்த சபேஷ் – முரளிக்கும் அந்தக் கண்ணீரில் பெரிய பங்கு உண்டு. மோசடி என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மேளம் எதற்கு? அழுகை இல்லாமலா? அழ முடியாமல் நிற்பவனுக்கு ஒரு கை கொடுக்கத்தான். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத படத்துக்கு எத்தனை வயலினைப் போட்டாலும் ஜனம் சிரிக்கும். அப்படிச் சிரித்த படங்களின் பெயர் சொன்னால் ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஒன்று பாராட்டியே ஆக வேண்டும். இந்தப் படத்துக்கு ரவிவர்மன், விஜய் மில்டன், துவாரகநாத், ஷங்கி மகேந்திரன் என்று நான்கு ஒளிப்பதிவாளர்கள். வாழ்க்கையின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறம். அது தெரியாமல் முதல் நாள் பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து, “ஏல ஆபரேட்டரு, கார்பனை ஒழுங்கா எரியேம்ல” என்று சத்தம். புரொஜக்டருக்கு வெளிச்சம் தருகிற குச்சிதான் கார்பன். நிறம் மாறினால் அதுவும் என் தலையில்.

மலையாளிகளுக்கு இந்தப் படம் பிடித்ததா? எங்களூரில் லத்திகா பகுதி வந்தாலே கேலி செய்தார்கள்.
– ஒரு வாசகி, செங்கோட்டை

உங்கள் ஊரே 1956 வரை திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்த ஊர். மலையாளம் எங்கே இடறுகிறது, எங்கே நிஜம் என்று கண்டுபிடிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்டி வேலைக்குப் போய்வரும் ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் எங்கள் தியேட்டருக்கு நிறைய வருவார்கள். லத்திகாவாக நடித்த கோபிகா பேசினால் அவர்கள் முகம் மலரும். செந்தில் பதில் சொன்னால் லேசாக ஒரு சிரிப்பு. அவர்களில் ஒரு பெரியவர் சொன்னது: “தண்ணி, தோணி, வெள்ளைப் புடவை. தமிழ்ப் படத்துக்குக் கேரளான்னா இது மூணும் போதும்.” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் லத்திகாவை வீட்டார் முறைமாமனுக்குக் கட்டிவைக்கிற கட்டத்தில் அவரும் துண்டை எடுத்தார். அது எந்த மொழியில் நடந்தாலும் நம்பும்படிதானே இருக்கிறது.

படத்தில் எனக்கு மிகவும் பலவீனமாகப் பட்டதும் இந்தக் கேரளாப் பகுதிதான். பள்ளிக்கூடப் பகுதியில் ஒரு மனுஷன் தன் ஊரைப் பார்க்கிறான். இங்கே ஒரு சுற்றுலாப் பயணி பார்க்கிறான்.

‘ஒவ்வொரு பூக்களுமே’ பாட்டு இல்லையென்றால் தேசிய விருது கிடைத்திருக்குமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

மூன்று தேசிய விருது. அதில் இரண்டு அந்தப் பாட்டுக்கு: எழுதிய பா. விஜய்க்கு ஒன்று, பாடிய சித்ராவுக்கு ஒன்று. சித்ராவுக்கு அது ஆறாவது தேசிய விருது. மூன்றாவது, படத்துக்கு; நல்ல பொழுதுபோக்கைத் தந்த ஜனரஞ்சகப் படம் என்ற பிரிவில். அந்த வருஷத்தின் ‘சிறந்த படம்’ இந்தியில் வந்த ‘பேஜ் 3’. டெல்லியில் சிறந்த படத்துக்கு ஒரு அலமாரி, ஜனங்களுக்குப் பிடித்த படத்துக்கு வேறொரு அலமாரி. இரண்டும் பெரும்பாலும் ஒரே சாவியில் திறப்பதில்லை. அதற்குச் சேரன் என்ன செய்வார்?

அந்தப் பாட்டைப் பற்றி ஓர் ஆளின் கருத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பஸ் ஸ்டாண்டில் கண் தெரியாத ஒருத்தர் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு ஊதுபத்திக்கு மாறினார். பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரிடம் போய், “உங்க ஆட்களைப் பத்தி ஒரு பாட்டு, கேளும்வே” என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மானேஜரே கைபிடித்து அழைத்துவந்து, அந்த ரீல் ஓடும் நேரத்துக்குக் கேபின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். திரையில் திவ்யாவாக சினேகா பாட, பார்வையற்ற கலைஞர்களின் குழு கூடவே வாசிக்கும். நிஜக் கலைஞர்கள். அதில் நடித்த பாடகர் கோமகன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். பாட்டு முடிந்ததும் தியேட்டரே கைதட்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“குரலு அமிர்தம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி? நம்பிக்கை குடுக்குத வேலைய எப்பவும் எங்க தலையிலயே கட்டுதீயளே, நாங்க சும்மா ஒரு காதல் பாட்டு பாடக் கூடாதா?”

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் நான் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது சேரனின் சொந்தக் கதையா?
– இருவர் கேட்டிருக்கிறார்கள், இருவரும் பெயர் வேண்டாம் என்கிறார்கள்

அது அவருக்கும் அவர் வீட்டுக்கும் உள்ள விஷயம். எனக்குத் தெரிந்தது, மேலூர்ப் பக்கத்துக்காரர், அவருடைய தந்தை சினிமா ஆபரேட்டர். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன், என் பதில்களைப் படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மற்ற மொழிகளில் ஓடியதா?
– ஒரு வாசகர், ஓசூர்

தெலுங்கில் அதே வருஷம் ரவி தேஜா. ரவி தேஜா அடிப்பார் என்று வந்தவர்களுக்கு, ரவி தேஜா அழுதால் எப்படி இருக்கும்? கன்னடத்தில் 2006-ல் சுதீப், தானே இயக்கி நடித்தார். உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘எங்களுடையதுதான் ஒரிஜினல்’ என்பார்கள். விட்டுவிடுங்கள்.

எல்லோரும் அழுதார்கள் என்கிறீர்கள். நீங்கள்?
– வாசகி, நாகர்கோவில்

ஆபரேட்டருக்கு அழ ஏதம்மா நேரம்? ரீல் முடியப்போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னும். முதல் வட்டத்துக்கு அடுத்த புரொஜக்டரை ஓடவிட வேண்டும், இரண்டாவது வட்டத்துக்கு மாற்ற வேண்டும். கமலா அழுதாலும் லத்திகா அழுதாலும் என் கண் அந்த மூலையில்தான். ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை நூறு தடவைக்கு மேல் ஓட்டியும் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை.

2025-ல் மறுபடி வெளியிட்டபோது திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்காரியும் வந்தாள். ஃபிலிம் இல்லை, பெட்டி இல்லை, மூலையில் வட்டமும் இல்லை. இருந்தாலும் என் கண் அடிக்கடி அங்கேயே போனது. ‘ஞாபகம் வருதே’ பாட்டில் கொஞ்சம் தொண்டை அடைத்தது உண்மை. அது கமலாவுக்கா, காலியான என் கேபினுக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஏ.சி. குளிரில் அவள் தூங்கிப்போனாள். லத்திகா போனாள், திவ்யா வந்தாள், பஸ்ஸில் பேசினாள், பாடினாள். எழுப்பவில்லை. கல்யாண மேடை வந்ததும் தோளைத் தட்டினேன்.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்து, “வந்துட்டாளா?” என்று கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, படம் முடியும்வரை தேன்மொழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.